யார் சொல்ல, யார் கேட்க

முதல் நாவலை எழுத உட்காருபவரிடம் பெரும்பாலும் கதை இருக்கிறது. குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பேசப்பட்டுவரும் ஒரு சொத்துத் தகராறோ, ஊரை விட்டுப் போன ஒருத்தியைப் பற்றிய அரைகுறைச் செய்திகளோ, ஒரு தொழில் கண்ணெதிரே அழிந்துபோனதன் நினைவோ அவரைப் பல ஆண்டுகளாக விடாமல் பற்றியிருக்க, எழுதாமல் தீராது என்ற நிலைக்கு வந்த பிறகே அவர் பேனாவை எடுக்கிறார். முதல் சில அத்தியாயங்கள் தடையின்றி வருகின்றன. பிறகு வேகம் குறைந்து, ஓரிடத்தில் எழுத்து அப்படியே நின்றுவிடுகிறது. தம் கற்பனை வறண்டுவிட்டதென்றும் நேரம் வாய்க்கவில்லையென்றும் எழுதுபவர் காரணம் தேடுகிறார். ஆனால் நின்றுபோன கையெழுத்துப் படிகளைக் கவனித்துப் படித்தால் பழுது தொடக்கத்திலேயே இருப்பது தெரியும். இக்கதையை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், நடந்தவற்றிலிருந்து எவ்வளவு காலம் தள்ளி நின்று சொல்கிறார் என்ற மூன்றும் தீர்மானமாகாமலே முதல் வாக்கியம் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றையும் தனித்தனியே பெயரிட்டு ஆராய்ந்த நூல் தமிழில் தொல்காப்பியம். அதன் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என ஓசையை அளக்கும் உறுப்புகளில் தொடங்கும் அந்த வரிசையிலேயே கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், மாட்டு ஆகியவையும் எண்ணப்படுகின்றன. பேசுபவர் இன்னார் என்பது, சீரும் அடியும் போலவே, செய்யுளின் உடம்பைச் சேர்ந்த ஒன்றாகக் கருதப்பட்டிருக்கிறது. இவ்வளவு நுட்பமான அக்கறை எழுந்ததற்குக் காரணம் உண்டு. அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. ஒவ்வொரு பாட்டும் தலைவியோ, தோழியோ, செவிலியோ, தலைவனோ, வேறொருவரோ ஒரு குறிப்பிட்ட தருணத்தில் சொன்ன சொல்லாகவே அமைகிறது. ஆசிரியர் முற்றாக மறைந்துகொள்ளும் ஒரு மரபு, பேசுபவரைப் பற்றி மிகுந்த கவனத்தோடு சிந்தித்தே ஆகவேண்டும்.

நாவலை அகப்பாடலின் நேர் வாரிசு என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அச்சகமும் இதழும் தனியே அமர்ந்து மௌனமாக வாசிக்கும் வாசகரும் உருவான 19ஆம் நூற்றாண்டில்தான் அது தமிழுக்கு வந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளியானது. பழைய இலக்கணத்தில் எல்லாம் இருக்கிறது என்ற பெருமிதப் பேச்சால் எழுதுபவருக்கு ஒரு பயனும் இல்லை. ஆயினும் செய்யுளியல் எழுப்பும் கேள்விகள் மேசைமேல் கிடக்கும் கையெழுத்துப் படியை நோக்கிக் கேட்கத்தக்கவை. வேறெந்தக் கலைச்சொல்லையும்விட அவை தமிழ் வாழ்க்கையின் பேச்சுமுறைக்கு நெருக்கமானவை.

கூற்று என்பது பேசும் உரிமை. காதல் மறைவாக நிகழும் களவுக்காலத்தில் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்னும் அறுவர்க்கு அவ்வுரிமை தரப்படுகிறது; மணத்துக்குப் பிந்திய கற்புக்காலத்தில் பாணர், கூத்தர், விறலியர், பரத்தையர் முதலானோர் சேர்ந்துகொள்கிறார்கள். இதைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டியது, யார் பேசக்கூடாது என்ற விதி. ஊரார், அயலார், சேரியோர், தலைவியின் நோயை அறிந்தவர்கள், தந்தை, தமையன்மார் ஆகியோருக்கு நேரடிக் கூற்று இல்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே. காதலைத் தடுக்கும் ஆற்றல் யாரிடம் முழுமையாக இருக்கிறதோ அவருக்கே பாட்டில் வாய் இல்லை. தந்தையின் சினம் தோழியின் அச்சத்திலும் செவிலியின் பதற்றத்திலும் தெரிகிறது. அதனாலேயே அது பெரிதாகத் தெரிகிறது. ஊரார் பேச்சு அலர் என்ற பெயரில் காற்றைப்போல் எங்கும் பரவியிருக்கிறது. எந்த வாயிலிருந்து வந்தது என்று காட்ட முடியாததே அதன் வலிமை.

நாவல் எழுதுபவர் தம் பாத்திரங்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அப்பட்டியலில் எவர் மனத்துக்குள் நாவல் நுழையலாம், எவர் மனத்துக்குள் கடைசிவரை நுழையலாகாது என்று குறித்துக்கொள்வது அதைவிடப் பயன் தரும். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) இதற்குத் தெளிந்த சான்று. வேத பாடசாலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு வீடு திரும்பும் அப்புவின் கண்கள் வழியாகவும், எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் நாள்களைக் கடத்தும் தந்தை தண்டபாணியின் வழியாகவும் அலங்காரத்தம்மாளை வாசகர் காண்கிறார். அவள் நடக்கிறாள், பரிமாறுகிறாள், மணத்துக்கு வெளியே தன்னோடு உறவு கொண்ட சிவசுவை எதிர்கொள்கிறாள். தன் நடத்தைக்கு அவளே தரும் நியாயம் என்ன என்பது நாவலின் பெரும்பகுதியில் மூடியே இருக்கிறது. அவளுடைய உள்மனத்தை ஓர் அத்தியாயம் முழுவதும் பேசவிட்டிருந்தால் அவள் ஒரு வழக்கின் கட்சிக்காரியாகச் சுருங்கியிருப்பாள். இப்போதோ, மகனும் கணவனும் வாசகரும் அவளை வெவ்வேறு தொலைவுகளில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

தொடக்க நாவல்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதற்கு நேர்மாறானது. எல்லாம் அறிந்த கூற்று, அதாவது எவர் மனத்திலும் புகுந்து வெளிவரும் உரிமை கொண்ட ஆசிரியக் குரல், எளிதானதென்று கருதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் பிறகு ஒரே பத்தியில் கணவன் நினைப்பது, மனைவி நினைப்பது, வாசலில் நிற்கும் கடன்காரர் நினைப்பது எல்லாம் வரிசையாகக் கொட்டப்படுகின்றன. மூவர் மனமும் திறந்து கிடக்கும்போது அம்மூவரும் ஒருவரையொருவர் பார்த்து ஊகிக்க ஒன்றுமில்லை. ஊகமும் தவறான ஊகமும் இல்லாத இடத்தில் நாவலுக்கு வேலையும் இல்லை. பூமணியின் ‘வெக்கை’ (1982) படர்க்கையில்தான் சொல்லப்படுகிறது. ஆயினும் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவன் சிதம்பரத்தை விட்டு அது விலகுவதில்லை. அவன் காணும் கரடும் புதரும், அவன் பசியும் தாகமும், தந்தையோடு பேசும் சொற்பப் பேச்சும் மட்டுமே வாசகருக்கும் கிடைக்கின்றன. ஊரில் என்ன நடக்கிறது, தாய் எங்கே இருக்கிறாள், காவல்துறை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பன அவனுக்குத் தெரியாத அளவே வாசகருக்கும் தெரியாதபடி இருப்பதால், தனியாக ஒரு பரபரப்பை உண்டாக்கவேண்டிய தேவையே எழவில்லை.

தன்மைக் கூற்று, அதாவது ‘நான்’ என்று பாத்திரமே பேசுவது, புதியவரை விரைவில் ஈர்க்கிறது. தமிழின் முதல் நாவலே அப்படிப் பேசியதுதான். அதை மேற்கொள்பவர் தமக்குத் தாமே தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு: அந்த ‘நான்’ இதை ஏன் இப்போது சொல்கிறார்? சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) முற்பகுதியின் கதைகள் தாமோதர ஆசான் என்னும் முதியவரின் வாய்மொழியாக, அவரைச் சூழ்ந்து அமரும் இளைஞர்களிடம் சொல்லப்படுகின்றன; பிற்பகுதியில் ஆசான் இல்லை, அன்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரே கதையைத் தொடர்கிறார். ஊர் மாறியதை நாவல் செய்தியாக அறிவிக்கவேண்டியதில்லை, சொல்லும் குரல் மாறியதிலேயே அது தெரிந்துவிடுகிறது. ஆசானின் கதைகளில் மன்னர் காலத்து நிகழ்ச்சிகளும் புனைவும் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்க, அவருக்குப் பின் வரும் பகுதியில் கடைவீதியும் தேர்தலும் பத்திரிகைச் செய்தியும் ஆட்சி செலுத்துகின்றன. தேர்ந்த கூற்று இப்படிக் கதையின் பொருளையே சுமக்கிறது.

தம் கூற்று சரியானதுதானா என்று அறிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. எழுதி முடித்த அத்தியாயங்களில் மிக முக்கியமானதை எடுத்து, அதே நிகழ்ச்சியை அங்கே இருந்த வேறொருவர் வழியாக மீண்டும் எழுதிப் பார்க்கவேண்டும். பெயர்களையும் ‘அவன்’, ‘அவள்’ என்ற சொற்களையும் மாற்றுவதோடு வேலை முடிந்துவிட்டால், முதலில் எழுதியதில் கூற்று என்று ஒன்று இருந்ததில்லை என்று பொருள். உண்மையான கூற்று உள்ள அத்தியாயத்தில் பேசுபவர் மாறினால் அறையில் இருக்கும் பொருள்களே மாறும். வீட்டுக்காரர் கண்ணில் படாத அடுப்பங்கரைக் கரி மருமகளுக்கு முதலில் தெரியும், கணக்கெழுத வந்தவருக்குச் சுவரில் தொங்கும் படத்தைவிடப் பெட்டகத்தின் பூட்டு முதலில் தெரியும். இப்பயிற்சி இரண்டு வார உழைப்பைக் கேட்கலாம். முந்நூறு பக்கம் எழுதியபின் கூற்றை மாற்ற நேரும் துன்பத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய விலைதான்.

கேட்போர் என்னும் உறுப்பு இதைவிடக் குறைவாகப் பேசப்பட்டிருக்கிறது. தற்கால நாவல் குறித்த விவாதங்கள் சொல்பவரைப் பற்றியே மிகுதியாகக் கவலைப்படுகின்றன. செய்யுளியலோ கேட்பவரையும் தனி உறுப்பாக எண்ணுகிறது. மனிதர்கள் மட்டுமல்லாமல், ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம், தன் நெஞ்சு என எதுவும் கேட்பவைபோல் கொள்ளப்படலாம் என்கிறது. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் அடிக்கடி வரும் சிறைப்புறம் என்ற சூழல் உரையாடல் எழுதுபவருக்கு ஒரு முழுப் பாடம். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். அதை அறிந்த தோழி தலைவியிடம் பேசுகிறாள். முகம் தலைவியை நோக்கியிருக்க, சொல் வேலியைத் தாண்டிப் போகிறது. காவல் கடுமையாகிவிட்டது, ஊர் பேசத் தொடங்கிவிட்டது என்று அவள் சொல்வதெல்லாம் தலைவிக்கு ஏற்கெனவே தெரிந்தவை. வேலிக்கு அப்பால் நிற்பவன் திருமணத்துக்கு விரையவேண்டும் என்பதே அவள் கருத்து.

தமிழ்க் குடும்பங்களில் நடைபெறும் பேச்சில் பாதி இன்றும் இப்படிப்பட்டதுதான். ஆட்டைத் திட்டி மருமகளுக்கு உறைக்கவைக்கும் ஜாடைப் பேச்சும், குழந்தையிடம் சொல்வதுபோல் கணவனிடம் சொல்லும் செய்தியும், விருந்தாளி முன்னிலையில் மட்டும் வெளிவரும் பாராட்டும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடியவை. அப்படியிருக்க, முதல் நாவல்களின் உரையாடல் பெரும்பாலும் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஒருவர் கேட்க மற்றவர் நேராக விடை சொல்லும் விசாரணையாக இருப்பது வருந்தத்தக்கது. ஓர் உரையாடல் உயிரற்றுக் கிடந்தால், அறைக்குள் மூன்றாமவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கலாம். அவர் ஒரு சொல்கூடப் பேசவேண்டாம். அடுத்த அறையில் படுத்திருக்கும் மாமியாராக இருந்தாலும் போதும். இருவரும் பேசும் முறை உடனே மாறும், சில செய்திகள் சொல்லப்படாமல் போகும், சொல்லப்படுபவை வேறு சொற்களை உடுத்திக்கொள்ளும்.

முன்னம் என்ற உறுப்பு இதோடு சேர்ந்தது. இடத்தையும் சொல்லையும் கொண்டே இதைச் சொன்னவர் இன்னார், கேட்டவர் இன்னார் என்று அறியவைப்பது முன்னம். உரையாடலிலிருந்து பெயர்களையும் ‘என்றான்’, ‘என்றாள்’ என்பனவற்றையும் நீக்கிய பின்னும் பேசுபவர் யாரென்று தெரிந்தால் முன்னம் அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில் ஊருக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம் பிறர் வீட்டு வாசலில் நின்று பேசும் பேச்சும், களத்துமேட்டில் தனக்குரிய தவசத்துக்காக மன்றாடும் பேச்சும், தன் வீட்டில் கணவனிடமும் பிள்ளைகளிடமும் பேசும் பேச்சும் ஒரே வாயிலிருந்து வருபவை. மூன்றும் மூன்று விதமாக இருக்கின்றன. எதிரில் நிற்பவரின் சாதியும் அதிகாரமும் அவள் வாக்கியத்தின் நீளத்தைக்கூடத் தீர்மானிக்கின்றன. சாதி பற்றிய நீண்ட விளக்கவுரை எதுவும் அந்த வேலையைச் செய்திருக்காது.

கேட்போர் என்பது நாவலுக்குள் இருப்பவரை மட்டும் குறிப்பதில்லை. முழு நாவலுமே யாரோ ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகிறது. அந்த ஒருவர் யார் என்பதை எழுதுபவர் அறிந்திருக்காவிட்டால் நடை நடுவில் தடுமாறும். வட்டார வாழ்க்கையை எழுதும் புதியவரிடம் இத்தடுமாற்றம் வெளிப்படையாகத் தெரிகிறது. பாத்திரம் ஒரு வழக்குச் சொல்லைப் பயன்படுத்திய உடனே கூற்று குறுக்கே வந்து அதற்குப் பொருள் சொல்கிறது. சடங்கு ஒன்று வந்தால் பாடப்புத்தகம்போல் விளக்கம் தொடர்கிறது. அந்த ஊரில் வாழும் எவருக்கும் தேவைப்படாத அவ்விளக்கம், நாவல் அந்த ஊரைத் தாண்டி ஒரு நகரத்து அந்நியரை நோக்கிப் பேசுவதைக் காட்டிக்கொடுக்கிறது. பாத்திரங்களோ காட்சிக்கு வைக்கப்பட்டவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலில் (1942) கொங்குப் பேச்சைக் கையாண்டபோதும், நீல பத்மநாபன் ‘தலைமுறைகள்’ நாவலில் (1968) இரணியல் செட்டிமார் பேச்சைப் பக்கம் பக்கமாக விட்டபோதும், வாசகர் சற்றுத் திணறினாலும் சூழலைக் கொண்டு புரிந்துகொள்வார் என்று நம்பினார்கள். ‘கோபல்ல கிராம’த்தில் (1976) கி. ராஜநாராயணன் வேறொரு வழியைக் கண்டார். கூற்று முழுவதையுமே கரிசல்காட்டுக் கதைசொல்லியின் வாய்மொழியாக மாற்றிக்கொண்டதால், அவர் நின்று விளக்கும் இடங்களும் திண்ணைப் பேச்சில் இயல்பாக வரும் விளக்கங்களாகவே ஒலிக்கின்றன. நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாள் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த வரலாற்றைத் தன் வழித்தோன்றல்களிடம் சொல்லும்போது, வாசகரும் அப்பிள்ளைகளுக்கிடையே இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு வழிகளில் எதையும் தேரலாம். இரண்டுக்கும் இடையே ஊசலாடுவதுதான் ஆகாது.

காலம் என்னும் உறுப்பை எழுதுபவர் இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். கதை எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பது முதலாவது. தொடக்க நாவலாசிரியர் பெரும்பாலும் பிறப்பில், அல்லது குடும்பத்தின் மூதாதையரில் தொடங்குகிறார். உண்மையான கதை நாற்பதாம் பக்கத்தில் கதவைத் தட்டுகிறது. ‘வெக்கை’ கொலையிலேயே தொடங்கிவிடுகிறது, அதற்கான காரணங்கள் ஓட்டத்தின் இடையிடையே நினைவாகவும் பேச்சாகவும் வந்துசேர்கின்றன. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) கந்தன் என்பவனின் ஒருநாளுக்குள் அடங்கிவிடுகிறது. நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுர’த்தில் அனந்தன் நாயர் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நடந்து கழிக்கும் சிறுபொழுதுக்குள் ஒரு மண வாழ்க்கையின் அழிவு முழுவதும் திரும்பி வருகிறது. நிகழ்காலம் குறுகினால் கடந்தகாலம் தானாக அழுத்தம் பெறுகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

இரண்டாவது கேள்வி, எதற்கு எத்தனை பக்கம் என்பது. நிகழ்ச்சியை அது நடக்கும் வேகத்திலேயே, பேச்சும் அசைவுமாகக் காட்டுவது காட்சி; பல மாதங்களைச் சில வாக்கியங்களில் கடப்பது தொகுப்புரை. காட்சியே மேலானது, தொகுத்துச் சொல்வது சோம்பல் என்ற கருத்து எழுத்துப் பட்டறைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது; அதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும் காட்சியாக்கும் நாவலில் பேருந்துப் பயணமும் காபி குடிப்பதும் திருமண முறிவும் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்ள, எது முக்கியம் என்று வாசகருக்குத் தெரியாமல் போகிறது. ஒரு பாத்திரம் முடிவெடுக்கும் நேரம், அல்லது முடிவெடுக்கத் தவறும் நேரம், காட்சிக்கு உரியது. மழை பொய்த்த மூன்று ஆண்டுகளை நல்ல உரைநடையில் ஒரு பக்கத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் உழைக்க எழுதுபவர் தயாராக இருக்கவேண்டும்.

களன், அதாவது செயல் நிகழும் இடம், பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இடத்தை வருணிப்பதைவிட, அந்த இடம் மனிதர்களை என்ன செய்யவைக்கிறது என்று காண்பது நாவலுக்கு உதவும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் சென்னைத் தெருவொன்றின் குடிநீர்த் தட்டுப்பாடு பின்னணியாக ஒதுங்கி நிற்பதில்லை. யார் எப்போது எழுகிறார்கள், யார் யாரிடம் பேசவேண்டியிருக்கிறது, ஜமுனா எந்த வாசலில் குடத்தோடு நிற்கிறாள் என்பதையெல்லாம் அதுவே ஆள்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை ‘கரிப்பு மணிகள்’ நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணன், எழுதப்போகும் மக்களிடையே சென்று தங்கிப் பழகிச் செய்தி திரட்டியவர். அம்முறையைப் பின்பற்றுவோர் புள்ளிவிவரங்களைவிட வேலை செய்யும் உடம்பின் வழக்கங்களையும், கூலி தரப்படும் நேரத்தையும், மேற்பார்வையாளரை அழைக்கும் சொல்லையும் குறித்துக்கொண்டு வந்தால், திரட்டியதில் பெரும்பகுதி நாவலுக்குள் நுழையாவிட்டாலும் நுழைந்த பகுதி பிசகாமல் இருக்கும்.

மெய்ப்பாடு தொடக்க எழுத்தாளர் நின்று பயிலவேண்டிய பகுதி. ஆராய்ந்து ஊகிக்க வேண்டாமல், சொல்லப்படும் பொருளிலேயே உணர்ச்சி வெளிப்பட்டுவிடுமாறு அமைப்பதைச் செய்யுளியல் மெய்ப்பாடு என்கிறது. மெய்ப்பாட்டியல் என்ற தனி இயலோ நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று வகுக்கிறது. எண்ணிக்கை எட்டா, பதினாறா என்பது நாவலுக்குப் பெரிதல்ல. உணர்ச்சியை அதன் காரணத்தோடு பிணைத்துப் பார்க்கும் அந்த முறைதான் அரியது. அழுகை இளிவால், இழவால், அசைவால், வறுமையால் பிறக்கும் என்கிறது நூல். பிறரால் சிறுமைப்படுத்தப்பட்டு அழுவது வேறு, இழந்து அழுவது வேறு. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வருந்துவது. ‘அவர் கண்கலங்கினார்’ என்று எழுதி நகர்ந்துவிடும் புதியவர், இந்நான்கில் எது என்று தம்மைக் கேட்டுக்கொண்டால் அந்த வாக்கியம் நிற்க முடியாது. ஒரு காலத்தில் தமக்குச் சொந்தமாயிருந்த வீட்டுத் திண்ணையில் இன்று அனுமதி கேட்டு உட்காரும் முதியவர், பழைய பழக்கத்தில் தோள்துண்டால் திண்ணையைத் தட்டிவிட்டு, பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டால், அது அசைவு. அங்கே கண்ணீர் தேவையில்லை. ‘துயரத்தோடு’ என்ற அடைமொழியும் தேவையில்லை. முதற்படியில் விழுந்துகிடக்கும் ‘ஆத்திரத்துடன்’, ‘ஏக்கத்துடன்’, ‘விரக்தியாக’ போன்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் இடத்திலும் என்ன நடந்தது என்று எழுதுவது இரண்டாம் படியின் முதன்மையான வேலை.

எச்சம் என்பது சொல்லாமல் விடப்பட்டு, கேட்பவரால் நிறைவு செய்யப்படுவது. இதற்குத் துணிவு வேண்டும். தாம் அரும்பாடுபட்டுக் கற்பனை செய்ததை வாசகர் தவறவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் எழுதுபவரை எப்போதும் பின்தொடர்கிறது. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ திரைப்படத் தொழிலில் உள்ள பலரை அத்தியாயந்தோறும் மாற்றி மாற்றிப் பின்தொடரும் நாவல். தொடக்கத்தில் வாசகர் நெருங்கிப் பழகும் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் பிறகு பார்வையிலிருந்து விலகிவிடுகிறார். அவர் வாழ்க்கை என்ன ஆயிற்று என்பது பின்னர் வேறு யாரோ பேசிச் செல்லும் பேச்சிலிருந்துதான் தெரிகிறது. அவர் வீழ்ச்சியைக் காட்ட ஓர் அத்தியாயத்தை ஒதுக்குவது எந்த எழுத்தாளருக்கும் முதலில் தோன்றக்கூடியது. ஒதுக்காமல் விட்டதால், ஒரு மனிதர் மறைந்ததைக்கூடக் கவனிக்க நேரமில்லாத அந்தத் தொழிலின் தன்மையை வாசகர் தாமே உணர்ந்துகொள்கிறார்.

தொலைவில் கிடக்கும் பொருள்களையும் அருகில் கிடப்பவற்றையும் இயையுமாறு பொருத்தி முடிப்பது மாட்டு. வாரந்தோறும் வெளியான தொடர்கதை தமிழ் நாவலின் அமைப்பை நெடுங்காலம் வடிவமைத்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தபோது, ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததோடு கொக்கியால் பிணைக்கப்பட்டிருந்தது. இதழ் வாசகருக்கு அது தேவையாகவும் இருந்தது. இன்று நேராகப் புத்தகமாக எழுதுபவர்களும் பழக்கத்தால் அத்தியாய முடிவில் அதே கொக்கியை மாட்டுகிறார்கள். நூலாக வாசிக்கப்படும் நாவலில் இரண்டாம் அத்தியாயத்தில் வந்த ஒரு பொருளோ, சொல்லோ, செயலோ இருபதாம் அத்தியாயத்தில் வேறு பொருள் கொண்டு நிற்கும்படி செய்வதே உறுதியான பிணைப்பு. அதைத் திட்டமிட்டுச் செய்வது கடினம். முதற்படி முடிந்தபின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு தாள் வீதம் எடுத்து, யார் வழியாகச் சொல்லப்படுகிறது, எந்த நாள், எந்த இடம், யார் எதை மறைக்கிறார், எந்தப் பொருள் கைமாறுகிறது என்று குறித்துத் தரையில் பரப்பிப் பார்த்தால், எழுதும்போது தெரியாத இணைப்புகள் பல கண்ணில் படும். விடை எழுத இயலாத தாள்களும் சில இருக்கும். அந்த அத்தியாயங்கள் அழகான நடையில் இருந்தாலும் நாவலுக்குரியவை அல்ல. அவற்றைத் தனிக் கோப்பில் சேர்த்துவைப்பது, கிழித்தெறிய மனம் வராதவருக்கு நல்ல வழி.

முடிவு பற்றிய குழப்பமும் எச்சத்தோடு தொடர்புடையது. ‘வெக்கை’ தந்தையும் மகனும் நீதிமன்றத்தை நோக்கிச் செல்வதோடு நின்றுவிடுகிறது. வழக்கும் தீர்ப்பும் சிறையும் வாசகரிடம் விடப்படுகின்றன. ‘அம்மா வந்தாள்’ அலங்காரத்தம்மாள் காசிக்குப் போவதைச் சொல்கிறது, போய் அவள் அமைதி கண்டாளா என்று சொல்வதில்லை. முதல் நாவலை முடிப்பவர் இந்த இடத்தைத் தாண்டி இன்னும் ஓர் அத்தியாயம் எழுதிவிடுகிறார்: பத்து ஆண்டுகள் கழிந்து எல்லோரும் என்ன ஆனார்கள் என்று சொல்லும் அத்தியாயம், அல்லது பாத்திரம் ஒன்று கோயில் படியிலோ கடற்கரையிலோ அமர்ந்து நடந்தவற்றின் பொருளைச் சிந்திக்கும் அத்தியாயம். அது வாசகருக்காக எழுதப்பட்டதாகத் தோன்றினாலும், பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பாத்திரங்களைப் பிரிய மனமில்லாத எழுத்தாளர் தமக்காக எழுதிக்கொண்டதே. எழுதவேண்டாம் என்று எவரும் அவரைத் தடுக்கவேண்டியதில்லை, எழுதித் தீர்த்துக்கொள்ளட்டும். பிறகு சில வாரங்கள் கழித்து, கையெழுத்துப் படியை முதலிலிருந்து அந்த அத்தியாயம் இல்லாமல் ஒருமுறை வாசித்து, நாவல் எங்கே நின்றுவிட்டதென்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதை அச்சுக்கு அனுப்பாமல் இருந்தால் போதும்.